பெங்களூருக்கு வந்த புதிய இயக்குநர்

தோட்டத்துக்குப் புதுத் துரை வந்துவிட்டால், அன்று காலைப் பெரட்டுக் களத்தில் ஒரு மாதிரியான அமைதி இருக்கும். யாருடைய நிரையை யாருக்கு மாற்றுவார், பெரிய கிராணியின் சொல்லுக்கு இனி மதிப்பிருக்குமா, பழைய துரை விட்டுக்கொடுத்ததையெல்லாம் இவர் பிடுங்கிக்கொள்வாரா என்று ஆளுக்கு ஆள் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சுங்கை லாலாங், பீடோங் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இந்தக் காட்சியை இன்னும் நன்றாகச் சொல்வார்கள். 1933ஆம் ஆண்டு பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு வந்து சேர்ந்த புதுத் துரை ஒரு தமிழர். மூன்றாண்டுகளுக்கு முன்புதான் நோபல் பரிசு பெற்றவர். அவர் சர் சி. வி. இராமன்.

மாணவர்களே, இராமனைப் பற்றி நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டவர், ஒளிச்சிதறலைக் கண்டுபிடித்தவர் என்ற அளவில் அது முடிந்துவிடும். அவருடன் ஒரே கட்டடத்தில் வேலை பார்ப்பது எப்படி இருந்தது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. படிப்பை முடித்துவிட்டு நாளை சுங்கைப்பட்டாணியிலோ குலிமிலோ ஒரு தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ போகப்போகிற உங்களுக்கு அந்தப் பகுதியும் தெரிந்திருக்கட்டும். வேலையிடத்தில் சமாளிக்க முடியாத ஒருவர் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். அப்படி வந்து சேர்ந்தவர் உண்மையிலேயே பெரிய மனிதராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இராமனின் வாழ்க்கை ஒரு நல்ல சான்று.

அவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியதால் பையனின் இளமைக் காலம் அங்கே கழிந்தது. பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேர்ச்சி. 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேர்வில் முதலிடம், இயற்பியலுக்குத் தங்கப் பதக்கம். பதினெட்டு வயதில், மாணவராக இருக்கும்போதே, அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டனில் வெளிவந்த ஓர் அறிவியல் இதழில் அச்சானது. அந்தக் காலத்தில் அறிவியலை நம்பிப் பிழைக்க இந்தியாவில் வழி இல்லை. ஆகவே இந்திய நிதித்துறைத் தேர்வை எழுதினார். அதிலும் முதலிடம். 1907இல், இளம் மனைவி லோகசுந்தரியுடன், கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு இன்னும் பத்தொன்பது வயது நிறையவில்லை.

கல்கத்தாவில் ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது, பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். ஆஷுதோஷ் தே என்பவர் கதவைத் திறந்தார். உள்ளே கருவிகள் இருந்தன, பெரிய கூடம் இருந்தது, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. 1876இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கிய மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார், இளைஞர்கள் யாரும் வந்து அதைப் பயன்படுத்தவில்லையே என்ற ஏக்கத்தோடு 1904இல் இறந்துபோயிருந்தார். அவருடைய மகன் அமிர்தலால் சர்க்கார்தான் அப்போது செயலாளர். முன்பின் தெரியாத இந்த மதராஸ் இளைஞரை அவர் இரு கைகளையும் நீட்டி வரவேற்றார்.

அன்று தொடங்கிய வழக்கத்தைக் கேட்டால் நமக்கே மூச்சு வாங்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பிக் குளித்து, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, கணக்காயர் அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேராகச் சங்கம். இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். பின்னர் சங்கக் கட்டடத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிமாறி, நினைத்த நேரத்தில் உள்ளே போய்வர நடுவில் ஒரு கதவும் வைத்துக்கொண்டார்.

இங்கே ஆஷு பாபுவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இராமனிடம் பொறுமை கிடையாது. நினைத்தது உடனே நடக்க வேண்டும், தவறு கண்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருடன் ஆஷு பாபு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். கல்லூரி வாசலை மிதிக்காத அந்த மனிதர், பின்னாளில் இலண்டன் அரச கழகத்தின் இதழில் தம் பெயரிலேயே கட்டுரை வெளியிடும் அளவுக்கு உயர்ந்தார். கடுமையான ஆளுடன் காலம் தள்ளியவர்கள் எல்லாரும் நொந்துபோனவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சம்பளம் அரசு வேலையில் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதி. அதற்கு அவர் தயங்கவில்லை. ஆனால் அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பயிற்சிக்காக எங்கும் போகமாட்டேன் என்று இராமன் மறுத்துவிட்டார். துணைவேந்தராக இருந்து அவரை அழைத்த சர் ஆசுதோஷ் முகர்ஜி நினைத்திருந்தால், இந்தத் தலைக்கனம் நமக்கு ஆகாது என்று வேறொருவரைப் பார்த்திருக்கலாம். அவர் விதியைத் தளர்த்த ஏற்பாடு செய்து மனிதரைப் பிடித்துக்கொண்டார். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1928 பிப்ரவரி 28 அன்று, அதே கல்கத்தாவில் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. அந்த ஆய்வில் அவரோடு தோள்கொடுத்து நின்றவர் விருதுநகர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் இராமன்தான்.

இந்தப் புகழோடுதான் அவர் பெங்களூருக்கு வந்தார்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா தம் சொத்தின் பெரும்பகுதியை ஒதுக்கி வைத்ததாலும், மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்ததாலும் உருவான நிறுவனம் அது. 1909இல் நிறுவப்பட்டது. இராமனுக்கு முன் இருந்த இயக்குநர்கள் எல்லாரும் ஆங்கிலேயர்கள். வேதியியல், உயிர்வேதியியல், மின்தொழில்நுட்பம் ஆகிய துறைகள் அங்கே இருந்தன. இயற்பியலுக்குத் தனித்துறை கிடையாது. இராமன் வந்ததும் முதல் வேலையாக இயற்பியல் துறையைத் தொடங்கினார், அதன் தலைவராகவும் இருந்தார். நுட்பமான கருவிகளை அங்கேயே செய்துகொள்ளும்படி பட்டறையைச் சீரமைத்தார். வெறுமையாகக் கிடந்த வளாகத்தில் மரங்களும் பூச்செடிகளும் வைத்தார். இன்றைக்கும் அந்த வளாகத்துக்குப் போகிறவர்கள் முதலில் வியப்பது அதன் பசுமையைத்தான்.

இதெல்லாம் நல்ல காரியங்கள்தானே, பிறகு ஏன் சண்டை என்று கேட்பீர்கள். காரணம் பணம். புதுத்துறை வந்தது, ஆனால் அதற்கென்று புதிய பணம் வரவில்லை. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம் அது. ரப்பர் விலை விழுந்து, நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான். ஒரே பானைச் சோற்றுக்குப் புதிதாக ஓர் இலை போட்டால், பழைய இலைகளில்தான் குறையும். வேதியியல் துறைக்கும் மின்தொழில்நுட்பத் துறைக்கும் போய்க்கொண்டிருந்த பணம் இயற்பியல் பக்கம் திரும்பியது. பல ஆண்டுகளாக அங்கே பணியாற்றியவர்களின் பார்வையில், வந்தவர் தம் வீட்டுக்கு மட்டும் கூரை போட்டுக்கொண்டார்.

அவர்களுடைய குறையில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். டாட்டா அந்த நிறுவனத்தை நினைத்துப் பார்த்தபோது நாட்டின் தொழில்வளமும் அவர் மனத்தில் இருந்தது. சோப்பு, எண்ணெய், மின்சாரம் என்று தொழிலுக்கு உதவும் ஆராய்ச்சி செய்து வந்தவர்களிடம், அடிப்படை இயற்பியலே உயர்ந்தது என்ற தோரணையில் ஒருவர் நடந்துகொண்டால் அவர்களுக்குச் சுருக்கென்று தைக்காதா? அதே நேரத்தில் இராமனின் பக்கமும் ஒன்று உண்டு. உலகத்தரத்தில் ஓர் இயற்பியல் துறை இந்தியாவுக்கு வேண்டும், அது இப்போதே வேண்டும், குழு போட்டுப் பேசிக்கொண்டிருந்தால் ஒரு தலைமுறை போய்விடும் என்பது அவருடைய எண்ணம். அவர் கெட்ட நோக்கத்தோடு வரவில்லை. அவர் செய்யத் தவறியது, மற்றவர்களை உட்காரவைத்துப் பேசி அவர்களையும் தம்மோடு இழுத்துக்கொண்டு போவது. கல்கத்தாவில் அதற்குத் தேவை இருக்கவில்லை, ஏனென்றால் அங்கே அவர் புகுந்தது ஆளில்லாத வீடு. பெங்களூரில் ஏற்கெனவே குடும்பம் நடந்துகொண்டிருந்தது. நாம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஒருவருடைய குணம் பழைய இடத்தில் வலிமையாக இருந்திருக்கும், புதிய இடத்தில் அதே குணம் கரடுமுரடாகத் தெரியும்.

அந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி யூத அறிஞர்களை வேலையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தது. அவர்களில் சிறந்தவர்களை இந்தியாவுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று இராமன் ஆசைப்பட்டார். அந்நாளில் வேறு யாருக்கும் எளிதில் தோன்றாத யோசனை அது. குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான மேக்ஸ் போர்ன் 1935ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மனைவியோடு பெங்களூருக்கு வந்து ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார். அவரை நிரந்தரப் பேராசிரியராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று இராமன் கூட்டத்தில் முன்மொழிந்தார். போர்னும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது மின்தொழில்நுட்பத் துறைக்குப் புதிதாக வந்திருந்த ஆஸ்டன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர அயல்நாட்டவர் நமக்கு வேண்டாம் என்ற பொருள்பட எல்லார் முன்னிலையிலும் பேசினார். ஆஸ்டன் குடும்பத்தோடு போர்ன் குடும்பம் அன்பாகப் பழகியிருந்தது. அந்த அதிர்ச்சியில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுதுவிட்டதாகப் போர்ன் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு யார்மேல் கோபம் வருவது என்றே தெரியவில்லை. ஆஸ்டன் பேசியது மன்னிக்க முடியாத பேச்சு, அதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய உண்மையான குறி இராமன். இராமன்மீது இருந்த ஆத்திரம், ஒரு தவறும் செய்யாத விருந்தாளியின் தலையில் போய் விழுந்தது. பதவியில் இருப்பவரை எதிர்த்துப் பேச முடியாதவர்கள் அவர் கொண்டுவந்த ஆளைக் கடித்துவிடுவது எல்லா அலுவலகங்களிலும் நடக்கிறது. தொழிற்பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் விழும் சில அடிகள் உங்களுக்காக ஓங்கப்பட்டவையாக இரா.

போர்ன் 1936இல் எடின்பரோவுக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். பின்னர் 1954இல் நோபல் பரிசும் பெற்றார். பெங்களூர் இழந்தது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. படிகங்களின் அணு அசைவு பற்றி 1940களில் இராமன் ஒரு கோட்பாட்டைச் சொல்ல, போர்ன் அதை மறுக்க, இருவரும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். அந்த வழக்கில் அறிவியல் உலகம் போர்ன் பக்கமே நின்றது.

நிறுவனத்தின் நிலையை ஆராய செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் 1936இல் ஒரு குழு வந்தது. மற்ற துறைகள் நலிந்திருக்கின்றன, இயற்பியலுக்கு அளவுக்கு மீறிச் சாய்வு இருக்கிறது என்று குழு அறிக்கை கொடுத்தது. இயக்குநரின் அதிகாரத்தைக் குறைக்கப் பதிவாளர் பதவி உருவாக்கப்பட்டது. கடைசியில் இராமனுக்கு முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. முற்றாக விலகிப் போகலாம், அல்லது இயக்குநர் பதவியை மட்டும் விட்டுவிட்டு இயற்பியல் பேராசிரியராகத் தொடரலாம். 1937இல் அவர் இயக்குநர் நாற்காலியிலிருந்து இறங்கினார், பேராசிரியராகவே தங்கினார்.

நோபல் பரிசு பெற்றவர், சர் பட்டம் பெற்றவர், நேற்று வரை எல்லாருக்கும் மேலதிகாரி. இன்று அதே வளாகத்தில், தம்மை எதிர்த்தவர்களுக்குச் சமமான பேராசிரியர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதற்கு எழுதியிருந்தாலும் இடம் கிடைத்திருக்கும். ஆனாலும் அவர் போகவில்லை. பதினொரு ஆண்டுகள், 1948இல் ஓய்வு பெறும் வரை, அங்கேயே இருந்தார். அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது நோபல் பரிசு பெற்ற நாளைவிட இந்தப் பதினொரு ஆண்டுகள்தான்.

சும்மாவும் இருக்கவில்லை. நிர்வாகச் சண்டை உச்சத்தில் இருந்த 1935, 36ஆம் ஆண்டுகளிலேயே, கேளா ஒலி அலைகளின் ஊடே ஒளி செல்லும்போது என்ன ஆகிறது என்பதை நாகேந்திர நாத் என்ற இளைஞரோடு சேர்ந்து ஆராய்ந்து முடித்திருந்தார். அது இன்றும் இராமன்-நாத் கோட்பாடு என்றே வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரால் வெளிநாடு திரும்ப முடியாமல் இந்தியாவில் தங்கிவிட்ட ஹோமி பாபா, அவருடைய துறைக்கு வந்து சேர்ந்தார். விக்ரம் சாராபாய் அங்கே அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். ஒருவர் பின்னர் இந்திய அணுசக்தித் துறைக்கும், மற்றவர் விண்வெளித் துறைக்கும் அடித்தளம் போட்டார்கள். இயக்குநராக இருந்து சண்டை போட்டுக் கட்டிய துறை, அவர் பதவி இழந்த பிறகுதான் நன்றாகக் காய்த்தது.

பதவி போனதால் நாக்கு அடங்கிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. 1942இல் ஜி. என். இராமச்சந்திரன் என்ற இளைஞர் மின்பொறியியல் படிக்க அங்கே வந்து சேர்ந்தார். சில காலத்திலேயே இயற்பியலுக்கு மாற விரும்பினார். இராமன் மின்பொறியியல் துறைத் தலைவரிடம் போய், இந்தப் பையன் உங்கள் துறைக்குத் தேவையானதைவிடச் சற்றுக் கூடுதல் அறிவாளியாக இருக்கிறான், ஆகவே நான் எடுத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். இராமச்சந்திரன் பின்னாளில் புரதங்களின் அமைப்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார் என்பதால் நாம் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தத் துறைத் தலைவர் அன்று இரவு எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று நாம் கேட்பதில்லை.

கல்கத்தாவும் இதற்குள் கசந்துபோயிருந்தது. தம் இளமையைக் கொட்டி வளர்த்த பௌபஜார் சங்கத்தின் நிர்வாகத்தில் 1934இல் பிணக்கு ஏற்பட்டு, அந்தத் தொடர்பும் அறுந்தது. அதே ஆண்டில் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியை அவர் நிறுவியிருந்தார். மைசூர் மகாராஜா அதற்கு நிலம் கொடுத்தார். ஓய்வு பெற்றதும் அந்த நிலத்தில் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அரசாங்க மானியத்தை அவர் விரும்பவில்லை. மானியம் வாங்கினால் அறிக்கை எழுத வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதெல்லாம் அவருக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது. தொடக்கத்தில் அங்கே மின்சாரம்கூட இல்லை. கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி இருட்டறைக்குள் விழவைத்துச் சோதனைகளைச் செய்தார். வைரங்கள், பூக்களின் நிறம், மனிதக் கண் எப்படி நிறத்தை அறிகிறது என்று கடைசிவரை ஏதாவது ஒன்றில் மூழ்கியிருந்தார். அந்த வளாகத்தில் இயக்குநரும் அவர்தான், தோட்டத்துக்கு என்ன செடி வேண்டும் என்று முடிவுசெய்பவரும் அவர்தான். அங்கே அவரோடு யாரும் மோதவில்லை. மோத ஆள் இல்லை என்றும் சொல்லலாம்.

1954இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கியது. 1970 அக்டோபரில் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். சற்றுத் தெளிந்ததும், மருத்துவமனையில் சாக விருப்பமில்லை, தம் கழகத்தின் பூக்களுக்கு நடுவே இருக்க வேண்டும் என்று கேட்டு வீடு திரும்பினார். நிர்வாகக் குழு என்றாலே முகம் சுளித்த அந்த மனிதர், இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, தம் கழகத்தின் நிர்வாகக் குழுவைக் கட்டிலைச் சுற்றி உட்காரவைத்து, தமக்குப் பின் கழகம் எப்படி நடக்க வேண்டும் என்று அவர்களோடு கலந்து பேசினார். நவம்பர் 21ஆம் நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. அவர் விரும்பியபடி, சடங்கு எதுவுமின்றி, கழகத் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அந்த இடத்தில் கல் எதுவும் எழுப்பாமல் ஒரு மரம் நட்டு வைத்தார்கள்.